சி வகை நோயாளி

அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தர ஆரம்பித்தபோது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. பக்கவாதம் வந்து கை கால் விளங்காமல் போனவர்கள், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள், தோள் இறுகிப்போனவர்கள் இவர்கள்தான் என் ஆட்கள். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் நர்ஸ்களைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் என்னை ‘மிஸ்ஸி’ என்றே கூப்பிட்டார்கள். மறுத்துச் சொல்லிச் சொல்லி அலுத்து, அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கடைகளுக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் பக்கத்துத் தெருக்களில் நாலைந்து வீடு, பிறகு காரை எடுத்துக்கொண்டு சுபாங் ஜெயா, கிள்ளான். யார் யாருக்கு எந்த நாள் என்பதெல்லாம் முதலில் என் தலையில் இருந்தது. பிறகு தொலைபேசிக்கு மேலே தொங்கிய மளிகைக் கடைக் காலண்டருக்குப் போனது. ஒரு நாள் கிள்ளானுக்குப் போய்க் கதவைத் தட்டினால் வீட்டில் ஆள் இல்லை. அதே நேரத்தில் வேறொரு வீட்டில் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஆட்களின் விவரத்தை எல்லாம் அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அது என்னுடைய யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்காலத்தில் எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் அதை என் கணவருடைய யோசனை என்றே நம்பினார்கள்.

என் கணவர் ஓர் அரசாங்க இலாகாவில் சீஃப் கிளார்க்காக இருந்தவர். அந்த ஆண்டு அவரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். இப்போது தொலைபேசி மணி அடித்தால் அவர் எடுப்பார். “மிஸ்ஸி இல்லையா?” என்று கேட்பார்கள். “இல்ல” என்பார். “சரி, மிஸ்ஸி வந்தோன்ன சொல்லுங்க” என்று வைத்துவிடுவார்கள். அவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இது அவருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. சம்பாதிக்கிற அவசரத்தில் இருந்தேன்.

கம்ப்யூட்டருக்கு ஏற்ற புரோகிராம் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். இம்பி சாலைப் பக்கம் ஒரு கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். ஒரு சீனர் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, “யெஸ் பாஸ், என்ன பிசினஸ்?” என்றார். “அவங்களுக்குத்தான்” என்று இவர் என்னைக் காட்டினார். கடைக்காரர் எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு, மறுபடியும் இவரிடமே பேசினார்.

என்னிடம் ஒரு வழி இருந்தது. எந்தப் புரோகிராமாக இருந்தாலும் முதலில் ஒரே ஓர் ஆளை அதில் ஏற்றிப் பார்ப்பது. அந்த ஆள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடது பக்கம் போய்விட்டது. லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில் அண்ணன் மகளோடு இருந்தார். அந்தப் பெண் வங்கி வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். டீச்சர் வீட்டுக்கு மதியத்துக்கு முன்னால் போய்விட வேண்டும். மதியம் தாண்டினால் மனம் சோர்ந்து, அழ ஆரம்பித்துவிடுவார். என் கை குளிர்ந்திருந்தால் அவருடைய கை இன்னும் இறுகும், அதனால் வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். வலிக்கும் இடத்துக்கு வரும்போது என் ஆங்கிலத்தில் ஒரு தப்பை வேண்டுமென்றே விட வேண்டும். அதைத் திருத்துகிற வேகத்தில் வலி மறந்துவிடும். ஓர் ஆளைப் பார்க்க எனக்குத் தேவையான விவரம் என்றால் இவைதான்.

சீனர் கடையில் காட்டிய கம்ப்யூட்டரில் அட்டை அட்டையாக எழுதி வைக்கிற ஒரு சின்னப் புரோகிராம் ஏற்கெனவே இருந்தது. மேலே ஒரு வரி, கீழே வெறும் வெள்ளை இடம். மேலே டீச்சரின் பெயரைத் தட்டினேன். கீழே சாவி, வெந்நீர், மதியம், ஆங்கிலம் எல்லாவற்றையும் தட்டினேன். இடம் போதுமானதாக இருந்தது. பெயர்களை அகர வரிசையில் அதுவே அடுக்கிக்கொண்டது.

“இது போதும்லா” என்றேன்.

“இதுவா?” என் கணவர் குனிந்து பார்த்தார். “இது கம்ப்யூட்டர் கூடவே சும்மா வர்றது. ரிப்போர்ட் எங்க? மாசத்துக்கு எத்தன பேரு, யாரு நின்னுட்டாங்க, யாரு புதுசுன்னு இது சொல்லுமா?”

“அது எனக்குத் தெரியுமே.”

“உனக்குத் தெரிஞ்சா போதுமா?” என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தது கிள்ளானில், டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு என்று செய்த புரோகிராம். டை கட்டிய தமிழர் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். டீச்சரை ஏற்றச் சொன்னேன். நோயாளி எண் கேட்டது, வரிசை எண் கேட்டது, என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்று கேட்டது. நோயாளி வரும் நேரம் என்ன என்றது.

“அவங்க வர மாட்டாங்க. நான்தான் போவேன்” என்றேன்.

“அதனால என்னக்கா? நீங்க போற நேரத்த அவங்க வர்ற நேரம்னு போட்டுக்கலாம்.”

“மருந்து?”

“மருந்துக்கு ஒரு சைபர் போட்டுருங்க. சைபர் போடலன்னா அடுத்த பக்கத்துக்கு விடாது.”

ஒவ்வொரு ஆளுக்கும் சைபர் போட்டுப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது என்னால் ஆகாது என்றேன். திரும்பி வரும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் இவரும் அதை நினைத்துச் சிரித்தார். அதோடு முடிந்திருந்தால் நான் அந்த அட்டைப் புரோகிராமையே வைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது புரோகிராம் சுபாங் ஜெயாவில் இருந்தது. இவரோடு வேலை பார்த்த ஒருவர், முன்கூட்டியே ஓய்வு வாங்கி இன்சூரன்ஸ் ஏஜண்டாக ஆகியிருந்தார். ஏஜண்டுகள் ஆள் பிடிக்கவும், பிடித்த ஆளை விடாமல் வைத்திருக்கவும் பயன்படுத்துகிற புரோகிராம் அது. ஏர்கோன் போட்டுக் குளிர்ந்த அறை, பெரிய மேசை, சுவரில் அவர் வாங்கிய கேடயங்கள். வழக்கம்போல டீச்சரை ஏற்றச் சொன்னேன்.

“மாச வருமானம்?” என்றார் நண்பர்.

“பென்ஷன்.”

“பிள்ளைங்க?”

“இல்ல.”

“அவங்களால புது ஆளுங்கள அறிமுகப்படுத்த முடியுமா?”

“படுக்கையில இருக்காங்க. யார அறிமுகப்படுத்துவாங்க?”

அவர் ஒரு விசையைத் தட்டினார். டீச்சரின் பெயருக்குப் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்து வந்து நின்றது. அடுத்து, கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியை ஏற்றினோம். தோள் இறுகிக் கை தூக்க முடியாதவர். அவருக்கு ‘ஏ’ வந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நண்பர் சொன்னார், “‘சி’ன்னா தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். ‘ஏ’ய முதல்ல கூப்பிடணும், ‘சி’ய கடைசில கூப்பிடணும். அவ்வளவுதான்லா.”

என் கணவர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நண்பரிடமிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டு தானே உட்கார்ந்தார். பட்டியல் வந்தது, கட்டம் வந்தது, எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பதற்குச் சிவப்பில் ஒரு கோடு வந்தது. “பாத்தியா, பாத்தியா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலையை விட்டு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காரில் வரும்போது சொன்னேன், “என்னங்க, இது வேணாம். இது விக்கிறவங்களுக்குச் செஞ்சது. நான் எதையும் விக்கல.”

“உனக்குத் தொழில் தெரியும், நான் இல்லன்னு சொல்லல. நிர்வாகம் எனக்குத் தெரியும். முப்பது பேர வச்சு ஒரு ஆபீஸ நடத்தினவன் நான். போன்ல மெசேஜ் எழுதுறத விட உருப்படியா ஒண்ணு செய்ய விடேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே சரி என்றேன். வாங்கினோம்.

முதல் சில மாதங்கள் உண்மையிலேயே சுகமாக இருந்தன. காலையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் கரகரவென்று அன்றைய பட்டியலை அடித்துத் தள்ளும். எந்த வீடு முதலில், எது அடுத்து என்று இவர் வரிசை போட்டு வைத்திருப்பார். நான் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல இவர் தட்டுவார். ‘சாவி பக்கத்து வீட்டில்’ என்று நான் சொன்னால், “அதுக்குக் கட்டம் இல்லம்மா” என்பார். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டேன். கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் ஒன்றும் போட்டிருந்தார். நோயாளிகளின் விவரம் பத்திரமாக இருக்க வேண்டாமா என்றார். அது என்ன சொல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சின்னச் சின்ன அசிங்கங்கள் நடந்தன. அந்தப் புரோகிராம் வெள்ளைக்காரர்களுக்குச் செய்தது. பெயரில் கடைசியாக இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று அதற்கு நினைப்பு. நமக்குக் கடைசியில் இருப்பது அப்பா பெயர். தீபாவளிக்கு எல்லாருக்கும் அதிலிருந்தே வாழ்த்து அடித்து அனுப்பினார். டீச்சருக்குப் போன வாழ்த்து, அவருடைய தகப்பனார் பெயரைப் போட்டு, ஐயா, தங்கள் உடல் நலம் தேறி வருவது குறித்து மகிழ்ச்சி என்றிருந்தது.

டீச்சர் அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கோணிய வாயால் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். “பிள்ளை, என்ர அப்பா செத்து எத்தினை வருஷம். அவருக்கு உடம்பு தேறி வருதெண்டு எழுதியிருக்கிறியள். அங்கேயும் போய்ப் பார்க்கிறனியோ?”

நானும் சிரித்தேன். அந்த மாதம் டீச்சரின் இடது கை விரல்கள் நான் சொன்னதும் லேசாக விரியத் தொடங்கியிருந்தன. தம்ளரைப் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

துணிக்கடை முதலாளி சிரிக்கவில்லை. தோளைப் பிடித்துவிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். “மிஸ்ஸிம்மா, தப்பா நினைக்காதிங்க. உங்க வீட்டுக்காரரு போன் பண்ணி, எனக்குத் தெரிஞ்சவங்க யாருக்கெல்லாம் சீக்குன்னு பேரு கேட்டாரு. நாளைக்கும் கூப்பிடுறேன்னாரு. அடுத்தவன் சீக்க நான் எப்படிம்மா பேரு சொல்லிக் கொடுக்கிறது?”

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். “அது சிஸ்டம் கேக்குது. ஏ கிளாஸ் ஆளுகிட்ட புது ஆளு கேக்கணும்னு வருது” என்றார். சிஸ்டம் கேக்குது. வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் குடிவந்துவிட்டதுபோல அந்தச் சொல் அடிக்கடி வர ஆரம்பித்தது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பட்டியலில் டீச்சர் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. கேட்டேன்.

“அவங்க நிறுத்திக்கிட்டாங்க. வேற ஆளு வச்சிருக்காங்களாம். போன் வந்துச்சு” என்றார் திரையைப் பார்த்தபடியே.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. விரல் விரியத் தொடங்கிய நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஆளா? நானே போன் செய்து கேட்டிருக்கலாம். அடுத்த தெருதான், நடந்து போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. வேண்டாம் என்றவர்கள் வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். டீச்சரின் நேரத்தில் சுபாங் ஜெயாவில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். முழங்கால் வலி, பெரிய வீடு, இரண்டு நாய்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். டீச்சரின் அண்ணன் மகள் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் முருங்கைக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானாகப் போய், “டீச்சர் எப்படியிருக்காங்க?” என்றேன்.

“இருக்கிறா.”

“புது ஆளு நல்லா பாத்துக்குறாங்களா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “என்ன புது ஆளு மிஸ்ஸி? நான் எத்தன தடவ உங்க வீட்டுக்கு போன் பண்ணினேன். மிஸ்ஸிக்கு இடமே இல்ல, ஃபுல்லுன்னு உங்க ஹஸ்பண்ட் சொன்னாரு. பேரு எழுதிக்கிறேன், காலியானா கூப்பிடுறேன்னாரு. அத்தை நம்பிக்கிட்டு இருந்தா. காலையில தலை வாரிவிடச் சொல்லி, நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தா. பிறகு கேக்கிறத விட்டுட்டா. நீங்க பெரிய ஆளாயிட்டீங்க, எங்களுக்கு என்ன தெரியும்?”

காய்கறியை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு அவளோடு நடந்தேன்.

டீச்சரின் இடது கை மார்போடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் நகம் பதிய மூடிக்கிடந்தன. கைக்குள் ஒரு துணிச்சுருளைத் திணித்து வைத்திருந்தார்கள். எங்கள் தொழிலில் அந்த நிலை வந்துவிட்டால் பிறகு செய்வதெல்லாம் நோயாளியின் ஆறுதலுக்குத்தான். வெந்நீர் கேட்டு வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிக்கட்டைத் தொட்டதும் அவர் உடம்பு முழுக்க அதிர்ந்தது.

“வேண்டாம் பிள்ளை. நோகுது.” நாக்கும் முன்னைவிடத் தடித்திருந்தது. “நீ பிஸி எண்டு சொல்லிச்சினம். இப்ப நேரம் இருக்கோ?”

கோபித்துக்கொள்ளவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். என் நேரத்தை வீணாக்கிவிடக் கூடாதே என்கிற அக்கறை. நீங்கள் கூப்பிட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது இவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன்.

“டீச்சர் வீட்டுக்கு எனக்கு இடமில்லன்னு சொன்னீங்களா?”

உடனே புரிந்துகொண்டார். “அப்ப உண்மையிலேயே இடமில்ல. ஏ கிளாஸ்ல மூணு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க.”

“நிறுத்திக்கிட்டாங்கன்னு என்கிட்ட ஏன் சொன்னீங்க?”

“உள்ளதச் சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான்.” நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “உனக்குன்னு யாராச்சும் முடிவெடுக்கணும்மா. ஆபீஸ்ல ஃபைல அடுக்கினா ஒண்ணு மேல இருக்கும், ஒண்ணு அடியில கிடக்கும். அடியில கிடக்கிற ஃபைலுக்காக எவனும் அழுததில்ல. இதுல என்ன பாவம் இருக்கு?”

“அவங்க கை மூடிப்போச்சு. இனி திறக்காது.”

எனக்கு அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. ஸ்காட் சாலைப் பக்கம் ஒரு லோரி டிரைவர் இருந்தார், கிள்ளானில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். கொஞ்ச காலமாக அவர்களும் பட்டியலில் வரவில்லை. குணமாகிவிட்டது, ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ காரணம் சொல்லியிருந்தார்.

“டீச்சர் மட்டுமா?” என்றேன்.

“‘சி’ எல்லாத்தையும்தான்” என்றார். குரலில் வெட்கம் இல்லை. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் நான் இல்லை என்பதுபோல இருந்தது.

மறுநாளே வேறொரு தொலைபேசி இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தப் புரோகிராமை அவரிடமே விட்டுவிட்டேன். ஞாபகத்தில் இருந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். தையல்கார அம்மா உள்ளே விட்டார், பழையபடி கால் நீட்டிக் கொடுத்தார். லோரி டிரைவரின் மனைவி கிரில் கதவுக்குப் பின்னாலேயே நின்று, “இப்ப தேவையில்லங்க” என்றாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. ஒரு வீட்டில் மாலை போட்ட படம் இருந்தது. என்னை விட்டு அவர்களாகப் போனதாக நான் நினைத்திருந்தவர்கள் எல்லாரும், நானே அவர்களை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்னார் என்று சொல்லவும் முடியவில்லை. புருஷன் மேல் பழியைப் போடுகிறாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பும், அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டுக்கு வாரம் ஒரு தரம் போனேன். கையைத் தொட விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழ் வாசித்துக் காட்டுவேன். நான் உச்சரிப்பில் தப்பு விட்டாலும் அவர் இப்போது திருத்தவில்லை. சில மாதங்களில் அண்ணன் மகள் கல்யாணமாகி ரவாங்குக்குக் குடிபோனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முகவரி தருவதாகச் சொன்னாள், தரவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

என் கணவர் சுபாங் ஜெயா நண்பரோடு சேர்ந்து இன்சூரன்ஸ் ஏஜண்ட் ஆனார். அந்தப் புரோகிராம் அவருக்காகவே செய்ததுபோல வேலை செய்தது. இரண்டு வருடத்துக்குள் ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்துக் கேடயம் கொடுத்தார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நானும் போனேன். மேடையில் அவர் நன்றாகத்தான் பேசினார். வாடிக்கையாளரை எப்படிப் பேண வேண்டும் என்பதை என் மனைவியின் தொழிலைக் கவனித்துக்கொண்ட காலத்தில்தான் கற்றேன் என்று சொல்லிவிட்டு, என் மேசையைப் பார்த்துக் கையை நீட்டினார். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைத் தட்டி, “கொடுத்து வச்சவங்க நீங்க” என்றார்.

என் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பேச்சில் ஒரு வார்த்தை தடுமாறி, தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு மேலே தொடர்ந்தார்.